பதினைந்து ஃபோட்டான்களை நம்புவது எப்படி?

அறிவியல் கேள்வி – பதில்

ஜெனிவாவை அடுத்துள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிட்டு ஆராயும் எல்.எச்.சி.பி. சோதனையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அங்கே துகள்கள் சென்ற வழியைக் காண்பதற்கு 10,000 கிலோமீட்டருக்கும் அதிகமான ஒளிரும் இழைகளைப் பாய்போல் அடுக்கியிருக்கிறார்கள் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒற்றை வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதும் அதற்கே.

இந்த இழையும் வீட்டுக்கு இணைய இணைப்புக் கொண்டுவரும் இழையும் ஒன்றுதானா? துகள் அதற்குள் புகுந்தால் ஒளி எங்கிருந்து வருகிறது?
– கல்லூரி மாணவி, திருச்சி

ஒன்றல்ல. இணைய இணைப்பில் வருவது கண்ணாடி இழை. வெளியே உண்டான ஒளியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்துவது மட்டுமே அதன் வேலை. துகள் இயற்பியலில் பயன்படும் இந்த இழை பாலிஸ்டைரீனால் ஆனது. தெர்மோகோலும் அதே பிளாஸ்டிக்தான் என்றால் வியப்பாக இருக்கும். அந்தப் பாலிஸ்டைரீனில் மிகச் சிறிய அளவில் சாயப் பொருள்களைக் கரைத்திருப்பார்கள். மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று இழையை ஊடுருவிச் செல்லும்போது வழியிலுள்ள மூலக்கூறுகளைக் கிளர்த்துகிறது. கிளர்ந்த மூலக்கூறு தன் ஆற்றலைச் சாயத்திடம் ஒப்படைக்க, சாயம் அதை நீல ஒளியாக உமிழ்கிறது. எல்.எச்.சி.பி. இழையில் இந்த ஒளியின் அலைநீளம் 450 நானோமீட்டரை ஒட்டியது. மின்னி மறைவதற்கு ஆகும் காலம் ஏறக்குறைய 2.8 நானோவிநாடி.

இனி ஒரு சிறு கணக்கு. இழையின் விட்டம் 250 மைக்ரோமீட்டர், அதாவது கால் மில்லிமீட்டர். வேகமான துகள் ஒன்று பிளாஸ்டிக்கில் ஒரு சென்டிமீட்டர் கடந்தால் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை விட்டுச்செல்லும். கால் மில்லிமீட்டரில் விடுவது 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலுக்குச் சுமார் 400 ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், பிறக்கும். ஆனால் அவை எல்லாத் திசைகளிலும் சிதறுவதால் இழைக்குள்ளேயே சிறைப்பட்டு ஒரு முனையை நோக்கி ஓடுபவை நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருக்கும். 400 என்பது 20 ஆகிவிட்டது. இரண்டரை மீட்டர் நீள இழையில் போகும் வழியிலேயே இவற்றில் பாதி உறிஞ்சப்படலாம். எதிர்த்திசையில் ஓடியவற்றில் சிலவற்றையாவது மீட்பதற்காக மறுமுனையில் ஒரு கண்ணாடியை ஒட்டியிருக்கிறார்கள். கடைசியில் உணரியை வந்தடைபவற்றிலும் பாதிக்கும் குறைவானவையே பதிவாகின்றன.

ஆகவே ஓர் இழையை மட்டும் நம்பினால் கையில் எஞ்சுவது இரண்டோ நான்கோ ஃபோட்டான்கள். ஆறு அடுக்கு இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி 1.3 மில்லிமீட்டர் கனமுள்ள பாயாகச் செய்ததற்குக் காரணம் இதுதான். அப்படிச் செய்தும் கிடைப்பது பதினைந்திலிருந்து இருபது. இந்தக் கருவியைச் சோதிப்பது என்றால், அந்தப் பதினைந்து ஃபோட்டான்களை நம்பலாமா என்று சோதிப்பதே.

ஒளியை எண்ணுவதற்கு ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். அதை விட்டுச் சிலிக்கானுக்கு ஏன் போனார்கள்?
– மேனிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர், விருதுநகர்

முதற் காரணம் இடம். எல்.எச்.சி.பி.யில் 5 இலட்சத்து 24 ஆயிரம் சானல்கள், அதாவது ஒளியைத் தனித்தனியே படிக்கும் பிரிவுகள், இருக்கின்றன. ஒவ்வொரு சானலும் கால் மில்லிமீட்டர் அகலம். அத்தனை கண்ணாடிக் குழாய்களை எங்கே அடுக்குவது? காந்தப்புலம் இருக்குமிடத்தில் அந்தக் குழாய்கள் தடுமாறும் என்பதும், ஆயிரம் வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் அவற்றுக்கு வேண்டும் என்பதும் கூடுதல் காரணங்கள்.

இடையில் வேறொரு வழியும் இருந்தது. அமெரிக்காவின் ஃபெர்மிலாபில் 2001 முதல் 2011 வரை இயங்கிய டி-ஜீரோ கருவியில் 835 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஏறத்தாழ 77 ஆயிரம் ஒளிரிழைகள் இருந்தன. அவற்றின் ஒளியைப் படித்த திண்ம நிலை உணரிகள் மிகத் திறமையானவை. ஆனால் அவை வேலை செய்ய 9 கெல்வின் குளிர் வேண்டும். திரவ ஹீலியத்தோடு குடும்பம் நடத்த வேண்டிய உணரி அது. அதனால் ஒளியைக் கருவியிலிருந்து பல மீட்டர் தூரம் வேறு தெளிந்த இழைகளின் வழியே கொண்டுவந்து, கீழே குளிர்கலங்களில் வைத்துப் படித்தார்கள்.

சிலிக்கான் ஒளியுணரி இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதியைத் தீர்த்தது. அதன் ஒரு சானலுக்குள் நுண்ணறைகள் பல உண்டு, எல்.எச்.சி.பி. பயன்படுத்தும் உணரியில் ஒரு சானலுக்கு 104. ஒவ்வொரு நுண்ணறையும் ஒரு டையோடு. அதன் முறிவு மின்னழுத்தம், அதாவது எதிர்த்திசையிலும் மின்சாரம் சரிந்து பாயத் தொடங்கும் அளவு, ஐம்பது வோல்ட்டை ஒட்டியது. அதற்கும் மூன்று, மூன்றரை வோல்ட் மேலாக எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுத்து வைத்திருப்பார்கள். அந்த நிலையில் ஒரே ஒரு ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானை விடுவித்தாலும் அது பத்து இலட்சம் அளவிலான எலக்ட்ரான்களின் சரிவாகப் பெருகும். அறையோடு தொடராக உள்ள மின்தடை அந்தச் சரிவை உடனே அடக்கி, அறையை மீண்டும் ஆயத்தப்படுத்தும். ஓர் அறைக்குள் ஒரு ஃபோட்டான் விழுந்தாலும் இரண்டு விழுந்தாலும் அதே அளவு மின்னூட்டமே வெளிவரும் என்பதால், தனி அறைக்கு எண்ணத் தெரியாது. எத்தனை அறைகள் ஒருசேரக் குரல் கொடுத்தன என்பதைக் கூட்டித்தான் ஒளியின் அளவைச் சொல்கிறோம்.

இந்தக் கூட்டல் எவ்வளவு துல்லியமானது என்பதை நேரில் பார்த்தால் மறக்க முடியாது. மங்கலான ஒளித்துடிப்புகளை உணரியின்மீது பல்லாயிரம் முறை வீழ்த்தி, வெளிவந்த மின்னூட்டத்தை வரைபடமாக்கினால், ஒரு ஃபோட்டானுக்கு ஒரு சிகரம், இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று விரித்த கைவிரல்களைப் போல வரிசையாகச் சிகரங்கள் எழும். எந்தச் சோதனையும் இந்த வரைபடத்திலிருந்துதான் தொடங்கும். அடுத்தடுத்த சிகரங்களுக்கு இடையிலுள்ள தூரமே அந்தச் சானலின் அளவுகோல். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் முறிவு மின்னழுத்தம் ஏறக்குறைய 54 மில்லிவோல்ட் ஏறிவிடுவதால், அறையில் யாரோ ஏசியை நிறுத்தினாலும் அளவுகோல் நகர்ந்துவிடும். வெப்பநிலையைக் குறித்துவைக்காத அளவீட்டைப் பின்னர் எவராலும் பயன்படுத்த முடியாது.

இருட்டில் வைத்தாலும் இந்த உணரி "ஒளி வந்தது" என்று சொல்லும் எனப் படித்தேன். பொய்ச்சாட்சியை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவதா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சேலம்

நல்ல உவமை. ஆனால் இந்தச் சாட்சி எப்போது, எவ்வளவு பொய் சொல்லும் என்பதை முன்கூட்டியே அளந்துவிட முடியும் என்பதால் வழக்கு நடக்கிறது.

சிலிக்கானில் வெப்பத்தின் காரணமாகவே அவ்வப்போது ஓர் எலக்ட்ரான் விடுபடும். ஃபோட்டானால் விடுபட்டதா, வெப்பத்தால் விடுபட்டதா என்று நுண்ணறைக்குத் தெரியாது. இரண்டுக்கும் அது ஒரே மாதிரியாகத்தான் சரியும். இதை இருட்டு எண்ணிக்கை என்பார்கள். புத்தம்புதிய உணரியில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவே. சிக்கல் வருவது நியூட்ரான்களால். மோதல்களில் பிறந்து கூடமெங்கும் அலையும் நியூட்ரான்கள் சிலிக்கான் படிகத்தில் அணுக்களை இடம்பெயர்த்துக் குறைகளை உண்டாக்க, அந்தக் குறைகளின் வழியே எலக்ட்ரான்கள் எளிதாகக் கசியத் தொடங்குகின்றன. கருவியின் ஆயுட்காலத்தில் உணரிகள் ஏற்க வேண்டியது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 60,000 கோடி நியூட்ரான்களுக்கு ஈடான சேதம் என்று கணக்கிட்டு, அதே அளவு நியூட்ரான்களை ஆய்வு உலையில் முன்கூட்டியே உணரிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். உணரியை வேண்டுமென்றே கிழவனாக்கிவிட்டு, இப்போது உனக்குக் காது கேட்கிறதா என்று கேட்கும் சோதனை அது.

விடை கவலைக்குரியதாகவே இருந்தது. அப்படி அடிபட்ட உணரியின் ஒரு சானல், கடுங்குளிரிலும் நொடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவை பொய்யாகக் குரல் கொடுக்கிறது. மோதல்கள் 25 நானோவிநாடிக்கு ஒருமுறை நடக்கின்றன. ஆகவே ஏறக்குறைய மூன்று, நான்கு மோதல்களுக்கு ஒருமுறை எந்தச் சானலை எடுத்தாலும் அதில் ஒரு பொய் ஃபோட்டான் இருக்கும். இத்தகைய சானல்கள் ஐந்து இலட்சம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று குளிர். வெப்பநிலை சுமார் 10 டிகிரி குறையும்போதெல்லாம் இருட்டு எண்ணிக்கை பாதியாகிறது. அறை வெப்பநிலையான 20 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸுக்கு உணரிகளை இறக்கினால் ஆறு முறை பாதியாகி, 64இல் ஒரு பங்காகிவிடும். மேலே சொன்ன ஒரு கோடி என்பது இந்தச் சலுகைக்குப் பிறகு வந்த எண். இந்தக் குளிருக்கும் விலை உண்டு: ஈரக்காற்று சற்றே புகுந்தாலும் பனி படியும் என்பதால் உணரிப் பெட்டிக்குள் எந்நேரமும் உலர்ந்த வாயுவைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மற்றது, ஒற்றைக் குரலை நம்பாமல் இருப்பது. ஒவ்வொரு சானலின் குறிப்பையும் மூன்று வரம்புகளோடு ஒப்பிடுகிறார்கள். வரம்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை ஃபோட்டான்களை ஒட்டி அமையும். துகள் ஒன்று கடந்தால் ஒளி பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு சானல்களில் பகிர்ந்து விழும். பக்கத்துச் சானலும் சேர்ந்து எழுந்தால் தாழ்ந்த வரம்புகளே போதும். ஒரே சானல் தனியாக எழுந்தால் அது மிக உயர்ந்த வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். வெப்பத்தால் வரும் பொய் பெரும்பாலும் ஒற்றை ஃபோட்டான் அளவிலேயே நிற்பதால் இங்கே வடிகட்டப்பட்டுவிடும்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நுண்ணறை சரியும்போது அதுவே சில ஃபோட்டான்களை உமிழும். அவற்றில் ஒன்று பக்கத்து அறைக்குள் விழுந்து அதையும் எழுப்பிவிட்டால், ஒரு பொய் இரண்டு பொய்களாகக் கணக்கில் ஏறும். இதை ஆய்வகங்களில் கிராஸ்டாக் என்கிறார்கள். மின்னழுத்தத்தைக் கூட்டினால் உண்மையான ஃபோட்டான்களைப் பிடிக்கும் திறன் உயரும், கிராஸ்டாக்கும் உயரும். எங்கே நிறுத்துவது என்பதுதான் ஆய்வக மேசையில் வாரக்கணக்கில் நடக்கும் பேரம். நுண்ணறைகளுக்கு இடையே ஒளி புகாத அகழிகளைத் தோண்டும் முறை வந்தபின் பேரம் சற்று எளிதாகியிருக்கிறது.

இவ்வளவு நீள இழையை எப்படித் தரம் பார்த்தார்கள்? அண்டக்கதிர்கள் இலவசமாக வந்து விழுகின்றனவே, அவற்றை வைத்தே சோதித்தால் என்ன?
– பொறியாளர், கோவை

இழை சுருளாக வரும். ஒரு சுருளில் 12 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு சுருளும் செர்னில் லேசர் அளவியின் வழியாக முழுவதும் ஓடவிடப்பட்டது. தேடியது வேறொன்றுமில்லை, புடைப்புகளைத்தான். இழுத்து நீட்டும் ஆலையில் கிலோமீட்டருக்குச் சில இடங்களில் இழை சற்றே வீங்கிவிடும். கால் மில்லிமீட்டர் இழையில் ஒரு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வீக்கம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் பாய் சுற்றப்படுவது இரண்டரை மீட்டர் சுற்றளவுள்ள, திருகுபோல் பள்ளம் வெட்டிய சக்கரத்தில். முதலடுக்கின் இரண்டு இழைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் அடுத்த அடுக்கு இழை உட்கார வேண்டும். ஒரு புடைப்பு முதலடுக்கில் இருந்தால் அதன் மேலுள்ள அடுக்குகளெல்லாம் வரிசை குலையும். எனவே அந்தப் புடைப்புகளைச் சூடான கூம்புத் துளை வழியே இழுத்துச் சுருக்கும் பொறி ஒன்றை உருவாக்கினார்கள். இந்தக் கருவியின் எல்லா மின்னணு நுணுக்கங்களையும்விட இந்த எளிய துளைதான் என்னைக் கவர்ந்தது.

ஒரு பாய்க்கு ஏழெட்டு கிலோமீட்டர் இழை செலவாகும். சுற்றி, பசை காய்ந்த பின் ஓரிடத்தில் அறுத்துப் பிரித்தால் 13 சென்டிமீட்டர் அகலமும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள பாய் கிடைக்கும். இப்படிப்பட்ட பாய்கள் ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்து, 12 தளங்களில் மொத்தம் 340 சதுர மீட்டர் பரப்பை மூடுகின்றன.

அண்டக்கதிரைப் பற்றி நீங்கள் கேட்டதும் கணக்குக்குரியது. தரைமட்டத்தில் கிடையாக வைத்த ஒரு சதுர சென்டிமீட்டரில் அண்டக்கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள் நிமிடத்துக்கு ஒன்று விழுகிறது எனலாம். பாய் முழுவதற்கும் நொடிக்கு ஐம்பது, தாராளம்தான். ஆனால் நமக்கு வேண்டியது, குறிப்பிட்ட சானலில், இழையின் குறிப்பிட்ட இடத்தில் விழும் துகள். கால் மில்லிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டர் நீளமும் உள்ள பட்டையில் ஒரு நாளைக்கு 36 மியூவான்கள்தாம் விழும். கண்டறியும் திறன் 99 விழுக்காடா, 98 விழுக்காடா என்று முடிவுசெய்ய ஆயிரக்கணக்கில் வேண்டும்; மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மேசையில் செய்யும் சோதனைகளுக்கு ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்க மூலம் கைகொடுக்கிறது. அதிலிருந்து வழிவந்த யிட்ரியம் 2.28 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை உமிழும். பாயைத் துளைத்துக் கீழேயுள்ள இன்னொரு ஒளிர்வானையும் (துகள் பட்டால் ஒளிரும் பொருள்) எட்டிய எலக்ட்ரானை மட்டும் கணக்கில் கொண்டால், அது பாயைக் கடந்தது உறுதியாகிவிடும். ஆனால் இந்த எலக்ட்ரான்கள் நேர்கோட்டில் செல்வதில்லை; வளைந்து நெளிந்து கூடுதல் ஒளியைத் தந்துவிடும். இந்தப் பாய் அந்தப் பாயைவிட மட்டமா என்று ஒப்பிட இது போதும். இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது என்று அறிய உதவாது.

அதற்காகத்தான் முடுக்கி தரும் துகள் கற்றைக்குப் போகிறார்கள். செர்னின் எஸ்.பி.எஸ். முடுக்கியிலிருந்து வடக்குப் பகுதிக்கு வரும் சோதனைக் கற்றைகளில் 180 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள துகள்கள் கிடைக்கும். இவை ஒரு பாயைக் கடப்பதால் திசை மாறுவது மிகமிகச் சொற்பம். பாய்க்கு அருகே மிக நுண்ணிய சிலிக்கான் தளங்களை வைத்து, துகள் பாயில் எங்கே விழுந்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகக் கணித்துக்கொள்வார்கள். பிறகு பாய் என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். உணரிக்கு அருகில், நடுவில், கண்ணாடி ஒட்டிய கோடியில் என்று பாயை நகர்த்தி நகர்த்தி இதைச் செய்ய வேண்டும். கோடியில் தேறினால்தான் தேறியதாகப் பொருள், ஏனெனில் அங்கிருந்து வரும் ஒளிக்குத்தான் பயணம் அதிகம். பாயைச் சாய்த்தும் பார்ப்பார்கள். கற்றை நேரம் சில நாள்களுக்கே ஒதுக்கப்படும் என்பதால் இரவு பகல் முறைவைத்து விழித்திருப்பது வழக்கம்.

250 மைக்ரோமீட்டர் இழையை வைத்துக்கொண்டு 100 மைக்ரோமீட்டருக்கும் நுண்ணிய துல்லியம் எப்படி?
– வாசகர், புதுச்சேரி

எந்தச் சானல் எழுந்தது என்பதை மட்டும் பார்த்தாலே பிழை 250ஐ 12இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு, அதாவது 72 மைக்ரோமீட்டர் ஆகிவிடும்; சீராகப் பரவிய அளவு ஒன்றின் திட்ட விலக்கம் அதுதான். அடுத்தடுத்த சானல்களில் எதில் எவ்வளவு ஒளி விழுந்தது என்று எடைபோட்டு மையத்தைக் கண்டால் அதைவிடவும் இறங்கலாம். நடைமுறையில் ஒட்டும்போது வரும் நெளிவும் குறைந்த ஃபோட்டான் எண்ணிக்கையும் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

கதிர்வீச்சில் இழையே கறுத்துப்போகாதா?
– வாசகி, ஈரோடு

மங்கும். நீல ஒளியை உறிஞ்சும் குறைகள் பாலிஸ்டைரீனில் உண்டாகும். கற்றைக் குழாயை ஒட்டிய பகுதி தன் ஆயுளில் 35 கிலோகிரே (கிரே என்பது ஏற்ற கதிர்வீச்சின் அலகு) வரை வாங்கும் என்றும், அங்கிருந்து வரும் ஒளியில் 40 விழுக்காடு வரை குறையக்கூடும் என்றும் வடிவமைக்கும்போதே மதிப்பிட்டார்கள். தொடக்கத்திலேயே ஆறு அடுக்குக்கு இடம் கொடுத்ததில் இந்தக் கணக்கும் அடங்கும்.

இதுபோன்ற வேலை தமிழ்நாட்டில் எங்காவது நடக்கிறதா?
– ஆய்வு மாணவர், மதுரை

உங்கள் ஊரிலேயே நடக்கிறது. மதுரையில் உள்ள மினி-ஐகால் என்ற, நியூட்ரினோ ஆய்வுக்கான மாதிரிக் கருவியைச் சுற்றி, அண்டக்கதிர் மியூவான்களைக் கண்டு விலக்குவதற்கான ஒளிர்வான் பட்டைகளின் கவசம் ஒன்று வடிவமைக்கப்பட்டது. அதில் ஒளியைப் படிப்பது சிலிக்கான் ஒளியுணரிகள்தாம். இலக்கு, பத்தாயிரம் மியூவான்களில் ஒன்றுக்குமேல் தப்பக்கூடாது என்பது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். அங்கே ஒளி பிறப்பது தடித்த பட்டையில். பட்டைக்குள் ஓடும் இழை அந்த நீல ஒளியை விழுங்கிப் பச்சையாக மாற்றிக் கடத்துகிறது. உதகையின் கிரேப்ஸ்-3 அண்டக்கதிர் ஆய்வின் ஒளிர்வான்களிலும் இத்தகைய இழைகள் உண்டு, ஆனால் அங்கே அவற்றைப் படிப்பது ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய். இழை தானே ஒளிர்வதும், பிறர் ஒளியை ஏற்று நிறம் மாற்றுவதும் வெவ்வேறு. கடித உறையில் இரண்டையும் ஒன்றாக எழுதியிருந்தீர்கள்.

எங்கள் துறையில் ஓர் உணரியும் சில மீட்டர் இழையும் வாங்கியிருக்கிறோம். முதலில் எதைச் சோதிப்பது?
– முதுகலை மாணவர்கள் இருவர், சென்னை

பெட்டியை. இழையையும் உணரியையும் பிறகு பார்க்கலாம்.

மாணவனாக இருந்தபோது நான் ஒரு வாரம் முழுவதும் அருமையான முடிவுகளை எடுத்தேன். மூலத்தை வைத்தால் எண்ணிக்கை ஏறுகிறது, எடுத்தால் இறங்குகிறது. பிறகுதான் தெரிந்தது, மூலத்தை வைப்பதற்காக மூடியைத் திறந்து மூடும்போது அது ஓர் ஓரத்தில் சரியாகப் படியவில்லை என்பதும், பக்கத்திலிருந்த மின்வழங்கியின் சிறு பச்சை விளக்கு அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அந்த விளக்கு நொடிக்கு எத்தனை கோடி ஃபோட்டான்களைத் தருகிறது, நாம் தேடுவது எத்தனை என்று யோசித்தால் சிரிப்பு வரும், அன்று வரவில்லை.

ஆகவே மின்னழுத்தம் கொடுக்கும் முன் பெட்டியின் மூட்டுகள், கேபிள் நுழையும் துளைகள் எல்லாவற்றிலும் கறுப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். மேலே கறுப்புத் துணியை இரண்டாக மடித்துப் போர்த்துங்கள். பிறகு மூலம் எதுவும் வைக்காமல், அறை விளக்குகள் எரியும்போது பத்து நிமிடமும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடமும் எண்ணுங்கள். இரண்டு எண்களும் புள்ளியியல் பிழைக்குள் ஒன்றாக வரும்வரை ஒட்டிக்கொண்டே இருங்கள். அதன் பிறகு விரல் வரைபடத்தை எடுங்கள். எடுக்கும்போது வெப்பநிலையைக் குறிக்க மறக்காதீர்கள்.